புகார் ஏதுமில்லை

1

இந்தக் கதை எனக்குத் தண்ணீரில் கிடைத்தது. எங்கள் ஊர் மருத்துவமனையில் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவர்களை வாரம் மூன்று நாள் வெந்நீர்க் குளத்தில் நடக்க விடுவார்கள். காலை பதினொரு மணிக்கு நாங்கள் இரண்டு பேர்தான். இடுப்பளவு தண்ணீரில் அவள் அந்தக் கரையிலிருந்து வருவாள், நான் இந்தக் கரையிலிருந்து போவேன். நடுவில் சந்திக்கும்போது பனியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம். மூன்றாவது வாரம் அவள் நின்றாள்.

"நீ நூலகத்துல வேலை பாக்கறவதானே? கதை எழுதுவியாமே. என்ன பாஷையில?"

சொன்னேன்.

"இந்த ஊர்ல அதை எத்தனை பேர் படிப்பாங்க?"

"என்னையும் சேர்த்தா நாலு பேர். அதுல ரெண்டு பேர் படிக்க மாட்டாங்க."

"அப்ப உன்கிட்ட சொல்லலாம்" என்றாள். அன்றிலிருந்து என்னை 'நூலகம்' என்றுதான் கூப்பிட்டாள்.

அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அணியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெரிய ஏரிக்கரையில், ஆறு மாதம் குளிரும் ஓர் ஊரில், அமெரிக்கக் கால்பந்து* அணி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

(* கால்பந்து என்று எழுதக் கை கூசுகிறது. இந்த ஆட்டத்தில் பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். ஓடுவது, எறிவது, முக்கியமாக முட்டுவது. 'முட்டுப்பந்து' என்று ஒரு வரைவில் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாருக்கும் புரியாது.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"நோரீன் ஹால்வர்சன் ஆட்களை எடைபோட்டுப் பிழைப்பவள்." இதை அவளிடம் அவள் மொழியில் சொல்லிக்காட்டியதும் என் முகத்தில் தண்ணீரை அடித்தாள். "எடை போடறது கோச் வேலை. நான் விலை போடறவ. ரெண்டும் வேற வேற." அந்தத் தொடக்கம் போயிற்று.

"டிசம்பரில் ஒரு மத்தியானம், லெமுவேல் ஹாஸ்கின்ஸின் கையிலிருந்து பேனா நழுவி" (இதைப் பாதியில் விட்டுவிட்டேன். லெமுவேல் யாரென்றே உங்களுக்கு இன்னும் தெரியாது. அவனைத் தெரியாதவர்களுக்கு அவன் பேனா விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன?)

ஆகவே மூன்றாவது தொடக்கம், நேராக. நோரீனுக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த அணி அலுவலகத்தில் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்பவள். அணியில் ஐம்பத்து மூன்று ஆட்டக்காரர்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று லீக் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பணக்கார அணி, ஏழை அணி என்ற பேச்சில்லை, எல்லாருக்கும் ஒரே வரம்பு. ஒருவனுக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டுமானால் இன்னொருவனிடமிருந்து எடுத்தாக வேண்டும். யாரிடமிருந்து எடுப்பது என்று சொல்வதுதான் நோரீனின் வேலை. ஒவ்வொரு ஜனவரியிலும் அத்தனை பெயர்களுக்கு எதிரிலும், அடுத்த பருவத்தில் இவன் எவ்வளவு வாங்குவான், அதற்கு எவ்வளவு தருவான் என்று கணித்து ஒரு பட்டியல் போடுவாள். தருவதைவிட வாங்குவது மிகுந்த பெயர்கள் பட்டியலில் மேலே ஏறும். மேலே ஏறியவர்கள் மார்ச்சில் வீட்டுக்குப் போவார்கள்.

ஆட்டக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'கத்தரி'. மறைத்தெல்லாம் சொல்வதில்லை. அவள் சாப்பாட்டுக் கூடத்தில் நுழைந்தால் யாராவது ஒரு தடியன், "கத்தரி வருது, தலைமுடியப் பிடிச்சுக்கோங்கடா" என்பான். அவளும் விரலிரண்டை அசைத்துக் காட்டிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டு போவாள்.

3

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வரைவுகளில் நோரீனை ஆணாக்கியிருந்தேன். அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று நார்மன் எனப் பெயர் வைத்தேன். கதை நன்றாகத்தான் ஓடியது, ஆறாம் பகுதிவரை. ஆறாம் பகுதியில் நார்மன், லெமுவேலின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டான். அந்த ஒரு தட்டில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டான். நோரீனுக்கு அந்த வசதி இல்லை. அவள் வாயைத் திறந்து எதையாவது சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே நார்மனை அனுப்பிவிட்டேன்.

லெமுவேல் ஹாஸ்கின்ஸ் அர்க்கன்சாஸ்காரன். நூற்று நாற்பது கிலோ. சென்டர் இடத்தில் ஆடுபவன்: பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டு, நிமிர்ந்த அதே நொடியில் எதிரே பாய்ந்துவருகிறவனைத் தலையாலும் மார்பாலும் தடுக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் எழுபது தடவை. டிவியில் யாரும் அவனைப் பார்ப்பதில்லை, பந்தைப் பார்ப்பார்கள்.

கல்லூரி முடிந்தபோது அவனை எந்த அணியும் ஏலத்தில் எடுக்கவில்லை. (ஏலம் இல்லை, வரிசைப்படி தேர்ந்தெடுப்பது. ஆனால் ஏலம் என்ற சொல்லை அடிக்க மனம் வரவில்லை.) இந்த அணி மட்டும் மிகக் குறைந்த சம்பளத்துக்குக் கூப்பிட்டுப் பார்த்தது. அன்று காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கியவள் நோரீன்.

"இதுல எங்கயாவது என்னைத் திருப்பி அனுப்பிடுவோம்னு போட்டிருக்கா, மிஸ் நோரீன்?"

"எல்லாப் பக்கத்துலயும் போட்டிருக்கு."

அவன் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியதாம். பத்துப் பருவங்கள் ஆடினான், ஓர் ஆட்டமும் விடாமல். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் வீட்டு மரத்துப் பெக்கான் கொட்டைகளை ஒரு தகர டப்பாவில் போட்டு அவள் மேசையில் வைத்துவிடுவான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவனுக்குப் பெரிய ஒப்பந்தம் வந்தது. எட்டாம் பத்தியை நோரீனே எழுதினாள்: ஆட்டத்தில் பட்ட காயத்தால் அடுத்த பருவம் ஆட முடியாமல் போனால், அணி அவனை விலக்கிவிட்டாலும் அந்தப் பருவத்துச் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அவனுடைய ஏஜென்ட் கெஞ்சிக் கேட்டு வாங்கிய பத்தி அது. அந்த ஏஜென்ட் பிறகு தொழிலை விட்டுப் போய்விட்டார். "முழுசாப் படிச்சியா லெம்?" என்று நோரீன் கேட்டபோது அவன் சொன்னது: "நீங்க படிச்சீங்கல்ல? போதும்."

4

இப்போது பேனா விழலாம்.

டிசம்பர். குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட நாற்பது ஹெல்மெட்களில் லெமுவேல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நோரீன் ஏதோ ஒரு படிவத்தோடு அறைக்குள் போனாள். அவன் கையிலிருந்து பேனா விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது. இந்த முறை அவன் அதை எடுக்கவில்லை, விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவைச் சாத்துங்க, மிஸ் நோரீன்."

சாத்தினாள்.

"நவம்பர்ல அந்த மழை ஆட்டம் ஞாபகம் இருக்கா? நானும் எதிரணியில அந்தக் காட்டெருமைப் பயலும் தலையோட தலை முட்டிக்கிட்டோமே. அன்னைலேர்ந்து இப்படி. கழுத்துலேர்ந்து சூடா ஒண்ணு இறங்கும். அப்புறம் ரெண்டு நிமிஷம் இந்தக் கை என்னோடது இல்ல."

"டாக்டர்கிட்டச் சொன்னியா?"

"சொன்னா உக்கார வெச்சிருவாங்க. முப்பத்திரெண்டு வயசு சென்டரை ஒருதரம் உக்கார வெச்சா அவன் எந்திரிக்கறதே இல்ல. இதை நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

"அப்ப பந்தை எப்படிக் குடுக்கற?"

"இடது கையை மேல வெச்சு அமுக்கிக்கறேன். குளிருக்குப் பண்றான்னு நெனைச்சுக்கறாங்க." சிரிக்கப் பார்த்தான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"என்னடா இது, சின்னப் பசங்க மாதிரி."

"பண்ணுங்க."

பண்ணினாள். அதன் பிறகு மீதி ஹெல்மெட்களை ஒவ்வொன்றாக அவள் மேசையில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவன் பேனாவை முழு முஷ்டியால் பற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். ஒரு மணி நேரம் ஆனதாம்.

5

ஜனவரி முதல் வாரம் அவள் பட்டியல் போட உட்கார்ந்தாள். அதில் ஒரு கட்டம் உண்டு: அடுத்த பருவத்தின் பதினேழு ஆட்டங்களில் இவன் எத்தனை ஆடுவான்? லெமுவேலுக்குப் பழைய கணக்குகளின்படி, வயதையும் பார்த்து, பதினைந்து என்று வந்தது. பதினைந்து என்று அடித்தாள். அவன் பெயர் பட்டியலின் நடுவில், ஆபத்தில்லாத இடத்தில் போய் நின்றது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பதினைந்தை அழித்து ஒன்பது என்று அடித்தாள்.

பெயர் முதல் வரிக்கு ஏறியது. அவன் சம்பளம் எண்பத்தைந்து லட்சம் டாலர். அவனுக்குப் பின்னால் காத்திருந்த மாற்றுச் சென்டரின் சம்பளம் பதினோரு லட்சம். ஒன்பது ஆட்டத்துக்கு எண்பத்தைந்து லட்சம் அதிகம் என்று பட்டியலே சொல்லிவிட்டது.

மேலாளர் கிளார்க் மெட்ஸ் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தான்.

"ஒம்பதா? ஹாஸ்கின்ஸுக்கா? அவன் பிறந்ததுலேர்ந்து ஒரு ஆட்டம் விட்டதில்லையே."

"வயசு" என்றாள் நோரீன்.

"என் வயசுக்கு எத்தனை போடுவ?"

"நீ வேலைக்கு வர்றதே போனஸ்."

மெட்ஸ் சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனான். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் எண்ணை அவன் ஒருமுறையும் திருப்பிக் கேட்டதில்லை.

யோசித்துப் பாருங்கள், அவள் யாரிடமும் சொல்லவில்லை. சத்தியத்தை மீறவில்லை. ஆனால் அவள் செய்தது

(இங்கே முதலில் 'துரோகம்' என்று எழுதினேன். அடித்துவிட்டு 'தொழில்' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். வாக்கியம் அப்படியே நிற்கட்டும்.)

குளத்தில் நான் கேட்டேன்: "பதினஞ்சையே விட்டிருக்கலாமே?"

"தெரிஞ்சுக்கிட்டே பதினஞ்சுன்னு போட்டா அது பொய், நூலகம். நான் இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு பொய் எண் போட்டதில்ல."

நியாயமாகத்தான் பட்டது. அதனால்தான் அடுத்த பகுதியை எழுதுவது சிரமமாக இருக்கிறது.

6

பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் எல்லா ஆட்டக்காரர்களையும் அணியின் டாக்டர் பரிசோதிப்பார். அவரவர் உடம்பில் உள்ள கோளாறுகளைச் சொல்லிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்குக் காயம் பதிவானால் எட்டாம் பத்தி உயிர் பெறும். எந்தக் கோளாறும் இல்லையென்று கையெழுத்துப் போட்டவனை மார்ச்சில் சும்மா அனுப்பிவிடலாம்.

லெமுவேல் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உண்மையை மறைத்தால் வேலை தங்கும் என்பது அவன் நம்பிக்கை. மறைத்தாலும் வேலை போகும் என்று தெரிந்தவள் கையில் கோப்போடு அந்த வழியாக வந்தாள்.

இந்த இடத்தை மூன்று விதமாக எழுதிவைத்திருக்கிறேன்.

அ. நோரீன் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்கிறாள். "உள்ள போய் உண்மையச் சொல்லு லெம். எட்டாம் பத்தி இருக்கு. சொன்னா உனக்குச் சம்பளம் உண்டு, சொல்லலேன்னா ஒண்ணும் கிடையாது" என்கிறாள். அவன் அவளை நிமிர்ந்து பார்க்கிறான். (நான் மகிழ்ச்சியோடு எழுதிய ஒரே பத்தி இதுதான். நடக்கவில்லை.)

ஆ. அவள் சொல்கிறாள், அவன் கேட்கவில்லை. "நான் இன்னும் ரெண்டு வருஷம் ஆடுவேன், பாருங்க" என்று உள்ளே போய்விடுகிறான். (இதுவாவது நடந்திருந்தால் அவள் என்னிடம் பேசியிருக்கவே மாட்டாள்.)

இ. நடந்தது:

"கை எப்படி இருக்கு?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"இன்னைக்கு நல்ல பிள்ளையா இருக்கு. பிடி பாக்கற அந்தக் கருவியை ரெண்டு தரம் அமுக்கணும், அவ்வளவுதானே? அமுக்கிருவேன்."

"லெம்."

"சொல்லுங்க."

அவள் கோப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நல்லா ஓய்வெடு" என்றாள்.

"நீங்களும், மிஸ் நோரீன்."

"அந்த நேரத்தில் யாராவது வந்துவிட்டார்களா?" என்று நான் கேட்டேன். கதாசிரியையின் பேராசை. ஒரு கதவு திறந்திருந்தால், ஒரு செருப்புச் சத்தம் கேட்டிருந்தால், அவள் மௌனத்துக்கு ஒரு சாக்கு எழுதிக்கொடுத்திருப்பேன்.

"யாரும் வரல. தாழ்வாரமே காலியா இருந்துச்சு. அதை அப்படியே எழுது."

எழுதிவிட்டேன்.

"நான் அணியோட ஆளு. என் வாயால சொன்னா அணிக்கு எண்பத்தஞ்சு லட்சம் போகும், அது தப்பு. சொல்லலேன்னா அவனுக்குப் போகும், அதுவும் தப்பு. ரெண்டு தப்புல எது எனக்குச் சம்பளம் தருதோ அதைச் செஞ்சேன்."

அன்று பிற்பகல் படிவத்தின் நகல் அவள் மேசைக்கு வந்தது. புகார் ஏதுமில்லை, கீழே கையெழுத்து. முதலெழுத்து மட்டும் கோணலாக இருந்தது. அது ஏன் கோணல் என்று அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கோப்பில் போட்டு மூடினாள்.

7

மார்ச்சில் மெட்ஸ் தொலைபேசியில் லெமுவேலிடம் மூன்று நிமிடம் பேசினான். மிச்சப்பட்ட பணத்தில் வேகமாக ஓடும் ஒருவனை வாங்கினார்கள். ஊரே கொண்டாடியது.

அன்று சாயங்காலம் நோரீன் கடையில் முட்டைகளைப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தபோது லெமுவேல் கூப்பிட்டான். திட்டத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள்.

"மனசுல வெச்சுக்காதீங்க, மிஸ் நோரீன். கத்தரின்னா வெட்டத்தானே செய்யும். இன்னொரு அணி நாளைக்கே வரச் சொல்லியிருக்கு."

அந்த அணியின் டாக்டர்கள் கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பு போகும் பாதை ஓரிடத்தில் நூலளவுக்குச் சுருங்கியிருந்தது. இன்னொரு முட்டு விழுந்தால் நடக்க முடியாமலேயே போகலாம் என்று சொல்லி, வந்து போன விமானச் செலவைக் கொடுத்து அனுப்பினார்கள். செய்தி பரவியது. வேறு யாரும் கூப்பிடவில்லை. லெமுவேல் அர்க்கன்சாஸுக்கே திரும்பிப் போனான். கை சரியாகவில்லை. சட்டைப் பொத்தான்களை மனைவி ரொண்டாதான் போட்டுவிடுகிறாள்.

8

ரொண்டாதான் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தாள். எட்டாம் பத்தியில் விரலை வைத்து வக்கீலைக் கூப்பிட்டவளும் அவளே. காயம் நவம்பரில் பட்டது, ஆகவே சம்பளம் தர வேண்டும் என்று கோரினார்கள். அணி அந்தப் படிவத்தை எடுத்து நீட்டியது. இப்படிப்பட்ட வழக்குகளைத் தீர்க்கும் நடுவர் ஒருவர் (ஆட்டத்தில் விசில் ஊதும் நடுவர் அல்ல) விசாரிப்பதாக ஏற்பாடு.

மறுவாரம் லெமுவேல் மறுபடி நோரீனைக் கூப்பிட்டான்.

"வக்கீல் ஒண்ணு கேட்டாரு. கை மரத்துப் போறது அணியில யாருக்காவது அப்பவே தெரியுமா, ஒருத்தர் இருந்தாக்கூடப் போதும்னாரு."

நோரீன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாருக்கும் தெரியாதுன்னுட்டேன்" என்றான்.

"ஏன் லெம்?"

"உங்க பேரைச் சொன்னா அன்னைக்கே உங்களைத் துரத்திருவாங்க. எனக்காக நீங்க வாயைக் கட்டிக்கிட்டீங்க. உங்களுக்காக நான் கட்டிக்க மாட்டேனா? ரொண்டாகிட்டக்கூடச் சொல்லல."

ஒன்பது என்ற எண்ணைப் பற்றி அவனுக்குத் தெரியாது. அந்தப் பெஞ்சில் அவள் விழுங்கிய வாக்கியத்தைப் பற்றியும் தெரியாது. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அமையாது. அவள் சொன்னது:

"தேங்க்ஸ், லெம்."

குளத்தில் இதை மூன்று தடவை சொல்லிக்காட்டினாள், ஒவ்வொரு முறையும் சற்று வேறு குரலில், எந்தக் குரலில் சொன்னோம் என்று நினைவுபடுத்திக்கொள்பவள்போல. "தேங்க்ஸ்னு சொன்னேன், நூலகம். தேங்க்ஸ்னு."

9

விசாரணை வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. இன்று வெள்ளி.

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் அவள் போகவில்லை. லெமுவேல் தோற்கிறான். டிசம்பரில் தகர டப்பா வழக்கம்போல வருகிறது, ரொண்டாவின் கையெழுத்தில் முகவரியோடு. அவள் அதைத் திறக்காமல்

(போதும். இதை முடிக்க எனக்கு விருப்பமில்லை.)

இன்னொன்றில் அவள் போகிறாள். நடுவர் முன்னால் நின்று டிசம்பரைச் சொல்கிறாள், ஹெல்மெட்களைச் சொல்கிறாள். பிறகு யாரும் கேட்காமலே ஒன்பதையும் சொல்கிறாள். வேலை போகும் என்று தெரியும். லெமுவேலுக்குப் பணம் கிடைக்கும் என்பதும் உறுதியில்லை, நடுவர் படிவத்தைத்தான் நம்புவேன் என்று சொல்லிவிடலாம். உறுதியான ஒன்று, மேசைக்கு அந்தப் பக்கம் லெமுவேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அவன் முகம் மாறுவதை அவள் பார்த்தாக வேண்டும். இத்தனை நாள் தன்னைக் காப்பாற்றிய ஒருவன், காப்பாற்றியது யாரை என்று தெரிந்துகொள்ளும் முகம். அதைப் பார்த்துக்கொண்டே அவள் கடைசிவரை பேசுகிறாள்.

இந்த இரண்டாவது முடிவை இன்று குளத்தில் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். நடப்பதை நிறுத்திவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி முழுவதும் கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றாள். "யாரு இந்தப் பொம்பளை?"

படியேறித் துண்டைப் போர்த்திக்கொண்டாள். கதவருகே போய்த் திரும்பினாள்.

"செவ்வாய்க்கிழமை குளம் உண்டுதானே?"

"உண்டு. பதினோரு மணிக்கு."

தலையாட்டிவிட்டுப் போனாள். வருவேன் என்றா, சும்மா தெரிந்துகொண்டேன் என்றா, அந்தத் தலையாட்டலை எப்படி எழுதினாலும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஆகவே தலையாட்டினாள் என்று மட்டும் எழுதுகிறேன்.

இந்தப் பக்கங்களை ஆசிரியருக்கு இன்றே அனுப்பிவிடுவேன். திங்கள்வரை வைத்திருந்தால் திருத்துவேன், செவ்வாய்வரை வைத்திருந்தால் தெரிந்துவிடும். அன்று பதினோரு மணிக்கு அந்தத் தண்ணீரில் ஒருத்தி நடக்கிறாளா, இரண்டு பேர் நடக்கிறோமா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்வேன். வாழ்க்கையில் முதல்முறையாக, இரண்டாவது ஆளும் வந்து நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஒரு குளத்தில் இறங்கப்போகிறேன்.